நான் வெட்டி எறிந்த சத்தம்

நைனா,

நீ மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். பீரோவைத் திறப்பதும் மூடுவதும் கீழே கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கிறது. நமக்கு நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டுதான். ஏறி வந்து சொல்லிவிடலாம் என்று பாதிப்படி வரை வந்தேன். "இன்னாம்மா?" என்று நீ எட்டிப் பார்த்ததும், "தோசை ஊத்தட்டா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். கடைக்கு வந்து கல்யாண ஆல்பத்தில் குறை சொல்லும் சம்பந்தி வீட்டாரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பவள், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஓர் உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாமல் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துக் கடைசியில் தோசையிலேயே கொண்டுபோய் முடித்துவிடுவேன். நீ இரண்டு வருஷமாகப் பதிவு செய்த வௌவால் சத்தம் எல்லாம் பாழானது உன்னால் இல்லை. என்னால். இதைப் படித்ததும் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்துக்கு அனுப்பு. அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மேடத்துக்கு நம்மைத் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம்முடைய ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று உன் அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து ஆல்பமாகவும் வீடியோவாகவும் ஆக்குவது நான். கேமராவிலிருந்து வருவதை அப்படியே கொடுத்தால் எந்த வீட்டிலும் எந்த டிவியிலும் ஓடாது, எந்தப் பென் டிரைவிலும் அடங்காது. அதைச் சின்னதாக்கித் தருவதுதான் என் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சத்தமாக வைத்துக்கொள்வதில்லை. ஒரு நொடியைப் பல்லாயிரம் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து, எண்ணாக எழுதி வைக்கிறது. அளந்ததை ஒன்று விடாமல் வைத்தால் அது வேவ் ஃபைல், பெரிதாக இருக்கும். மனிதக் காதுக்கு எட்டாதது எது, பெரிய சத்தத்துக்கு அடியில் அமுங்கிப்போவது எது என்று பார்த்து அதையெல்லாம் தூக்கி எறிந்தால் எம்பி3, பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. படத்திலும் இதே கதைதான். கேமராவின் கண் பார்த்தது முழுவதையும் வைத்திருப்பது ரா ஃபைல். பக்கத்துப் பக்கத்தில் உள்ள நிறங்களை ஏறக்குறைய ஒன்றுதான் என்று சேர்த்து எழுதிவிடுவது ஜேபெக்.

பட்டுப்புடவையை மடித்து வைத்தாலும் இடம் குறையும், ஓரத்தைக் கத்தரித்து வைத்தாலும் இடம் குறையும். ஜிப் ஃபைல் என்பது மடிப்பது, பிரித்தால் முழுப் புடவையும் திரும்ப வரும். எம்பி3யும் ஜேபெக்கும் கத்தரிப்பது. கத்தரித்ததே தெரியாமல் கத்தரிக்கும், அதுதான் அதன் சாமர்த்தியம். இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று மட்டும் நினைக்காதே. நீ பிளஸ் டூ படித்தபோது உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். காலேஜில் உன் சிநேகிதர்களிடம், "எங்கம்மாதான் எனக்கு கம்ப்யூட்டர் கத்துக்குடுத்தாங்க" என்று நீ போனில் சொன்னதை ஒரு தரம் கேட்டேன். அன்றைக்குப் பூராவும் தரையில் கால் பாவவில்லை எனக்கு. அந்தப் பெருமைதான் பிறகு என் வாயை அடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அஞ்சலி பேனருக்காக ஒரு அம்மா வந்தார்களே, உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்காரர் தவறிப்போய்விட்டார், கைவசம் இருந்தது வாட்ஸப்பில் பத்துப் பேர் கை மாறி வந்த ஒரே ஒரு போட்டோ. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறார், முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதை ஆள் உயரத்துக்கு இழுத்தேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கட்டங்களை மழுப்பி, புருவத்தை நானே வரைந்து, மீசையையும் நானே வைத்து அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா பேனரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா இது எங்க வூட்டுக்காரரு இல்லம்மா" என்றார்கள். அவர்கள் போனபிறகு நீதான் சொன்னாய்: "பெருசு பண்ணிட்டா மட்டும் போனது திரும்பி வராதும்மா. சைஸ் வரும், அவ்ளோதான்." நான் உன்னைப் பார்த்து, பெரிய மேதாவி, போய்ப் பால் வாங்கி வா என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு நீ வௌவால் ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டாய். ஊரில் பிள்ளைகள் ஒரகடத்துக் கம்பெனிக்குப் போகும்போது நீ சாயங்காலமானால் சத்தம் பதியும் ஒரு மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் பாழுங்கிணற்றுக்கும் போனாய். "இன்னா, உம் புள்ள வவ்வாலுக்கு வாத்தியாராமே" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நீ எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தாய். பூச்சி பிடிக்கிற வௌவால் போடும் கூச்சல் மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் இருக்கிறது. அந்தக் கூச்சல் மோதித் திரும்புவதை வைத்துத்தான் இருட்டில் வழி கண்டுபிடிக்கிறது. இன்னின்ன வௌவாலுக்கு இன்னின்ன குரல். அதைப் பிடிக்கத்தான் ஒரு நொடியை மற்ற மிஷின்களைவிடப் பல மடங்கு பொடியாக நறுக்கும் உன்னுடைய மிஷின். நீ சொன்னபோது தலையாட்டிக்கொண்டே நான் ஒரு மணமகளின் முகத்தில் பருவை அழித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

பதிவானதை எல்லாம் ஒரு டிஸ்க்கில் சேர்த்து என்னிடம் கொடுத்தாய். ஹாஸ்டலில் ஏதாவது காணாமல் போகிறது, நம்ம கடை பீரோதான் பத்திரம் என்றாய். இன்னொரு காப்பி போட வேண்டும், அதற்கு ஒரு டிஸ்க் வேண்டும் என்றாய். "நம்ம கடையில எந்த டிஸ்க்கும் இன்னி வரிக்கும் போனதில்ல, பேசாம இரு" என்றேன். வைகாசி முகூர்த்தக் கூட்டம். கூரத்திலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாப்பிள்ளை அன்று சாயங்காலம் வெளிநாட்டுக்கு விமானம் ஏற வேண்டும், வீடியோ கையில் வேண்டும். கம்ப்யூட்டர் இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. உன் அப்பா திருமுக்கூடலில் வேறொரு விசேஷத்தில் இருந்தார். நான் பீரோவைத் திறந்து உன் டிஸ்க்கை எடுத்து மாட்டினேன்.

அதிலும் இடம் போதவில்லை. உன் ஃபைல் ஒன்றைத் திறந்து ஹெட்போனில் கேட்டேன். ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல். இன்னொன்று, அதுவும் ஸ்ஸ். ஒன்றில் எங்கோ நாய் குரைத்தது. ஒன்றில் நீ இருமினாய். இந்த இரைச்சலுக்கா இவ்வளவு பெரிய ஃபைல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பையனுக்குச் சிக்கனமே தெரியவில்லை, நாம் செய்து வைத்தால் சந்தோஷப்படுவான் என்றுகூட நினைத்தேன். மொத்தத்தையும் செலக்ட் பண்ணி எம்பி3 ஆக்கினேன். ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், அதே ஸ்ஸ், அதே இருமல், ஒரு வித்தியாசமும் இல்லை. பழையதை எல்லாம் அழித்துவிட்டு, காலியான இடத்தில் அந்தக் கல்யாண வீடியோவை முழுசாக இறக்கினேன். மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு காபி போட்டுக் குடித்தேன். வௌவாலின் குரல் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு உன் இருமலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜிப் பண்ணியிருந்தால் கொஞ்சம் இடமாவது கிடைத்திருக்கும், ஒரு குரலும் போயிருக்காது. பக்கத்துக் கடையில் ஒரு டிஸ்க் கைமாற்றாகக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பார்கள்.

நீ போன் பண்ணி, "ம்மா, மேடம் அந்த வேவ் ஃபைலெல்லாம் பாக்கணுமாம், டிஸ்க்க எடுக்க வரேன்" என்றாயே, அந்த வேவ் என்ற வார்த்தையில்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. நீ சொன்னது, நான் உனக்குச் சொன்னது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாண வீடியோவை அழித்து இடம் பண்ணி, அந்த எம்பி3 எல்லாவற்றையும் திரும்ப வேவ் ஆக்கினேன். ஒரு நொடிக்கு எத்தனை துண்டு என்று உன் மிஷினில் இருந்த அதே அளவைப் பார்த்து வைத்தேன். ஃபைல் எல்லாம் வீங்கிப் பழைய சைஸுக்கே வந்துவிட்டது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று சாமிக்குக் கற்பூரம் காட்டினேன், நைனா. பேனரில் செத்துப்போன மனிதருக்குப் புருவம் வரைந்தவளுக்கு, இது வெறும் வீக்கம் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் கற்பூரம் காட்டினேன். அதே பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு டிஸ்க்கைப் பீரோவில் வைத்தேன். நீ வந்து, "யாரும் தொடலியேம்மா?" என்று கேட்டாய். "யார்ரா தொடப் போறா? வெச்ச எடத்துலயேதான் கீது" என்றேன். கண்கூடச் சிமிட்டவில்லை.

நீ அதை நம்பினாய். அதுதான் என்னைக் கொல்கிறது. இங்கேயே கடையில் உட்கார்ந்து உன் சாஃப்ட்வேரில் திறந்தாய். சத்தத்தைப் படமாகக் காட்டும் அது, தாழ்ந்த குரல் கீழே, உயர்ந்த குரல் மேலே. கீழே கொஞ்சம் புகை மாதிரி இருந்தது. அதற்கு மேலே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே துடைத்துவிட்ட மாதிரி வெறும் கறுப்பு. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தாய். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு. நான் உன் பின்னால் துணி மடித்துக்கொண்டு நின்றேன். அது நான் போட்ட கோடு. நீயோ கையைத் தலையில் வைத்துக்கொண்டு, "மொத வாரம் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சிம்மா. அப்புறம் செட்டிங்க எங்கியோ மாத்திட்டேன் போல. திரும்ப செக் பண்ணவே இல்ல" என்றாய். நான் எனக்காக ஒரு பொய் சொன்னேன், அதன் மீதியை நீயே உன்மேல் கட்டி முடித்துக்கொண்டாய். மேடத்திடமும் போய் என் தப்பு என்று சொன்னாய். இவ்வளவு அலட்சியமானவனை நம்பியா வேலையைக் கொடுத்தேன் என்று அவர்கள் கேட்டதை நீ என்னிடம் சொன்னபோது, நான் அவர்களைத் திட்டினேன். வெட்கங்கெட்டு, "அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்" என்று திட்டினேன். மேடம், நீங்கள் இதைப் படித்தால் அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உன் அப்பா உன்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசமா அந்த மிசினத் தூக்கிக்கினு சுத்துனியே, அதுல இன்னா செட்டிங் கீதுன்னு ஒரு வாட்டி பாக்க மாட்டே? நான் கல்யாணத்துல இப்பிடிப் பண்ணிட்டு வந்தா உடுவானுங்களா?" என்றார். நீ தலை குனிந்தபடி, "தப்புதாம்ப்பா" என்றாய். அப்போதே சொல்லிவிட நினைத்தேன். வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?" என்றுதான் வந்தது. நீ வேண்டாம் என்று கையைக் காட்டினாய். நான் ஊற்றினேன்.

அவர் கல்யாணம் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, உனக்கும் வந்திருக்கும். நீ பரீட்சை லீவில் லைட் பிடிக்கப் போன கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் உன் அப்பா ரெக்கார்ட் பட்டனை இரண்டு தரம் அமுக்கி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். பெண் வீட்டார் சட்டையைப் பிடிக்க வந்தபோது நீ முன்னால் போய், நான்தான் ஒயரை மிதித்துவிட்டேன் என்றாய். சின்னப் பையன் என்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும் உன் சமயோசிதத்தைப் பாராட்டிச் சிரித்தோம். உன்மேல் போட்டால் சுமப்பாய் என்று அன்றைக்கே நாங்கள் கற்றுக்கொண்டோம் போலிருக்கிறது. சாப்பிடும்போது அவர் அப்படிப் பேசியபோது அந்தக் கல்யாணத்தை நீ ஒரு வார்த்தையில் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அம்மா கடிதம் என்றால் ஒரு புத்தியாவது இருக்க வேண்டும் அல்லவா, இதை வைத்துக்கொள். ஏதாவது கெட்டுப்போனால் முதலில் உன்னைச் சந்தேகப்படாதே. வீட்டில் இருக்கிறவர்களையும் சந்தேகப்படு. அம்மாவையும் சேர்த்துத்தான்.

ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தாள் என்று நீ கேட்பாய். உன் கோபத்துக்குப் பயந்து இல்லை, நீ கோபப்படவே மாட்டாய். கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த அம்மா என்ற அந்த ஒரு பேச்சை இழக்க மனசு வரவில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள உன் படிப்பையே கொடுத்துவிட்டேன். நீ ஆராய்ச்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குச் சேர ஒத்துக்கொண்டபோதுகூட, சரி, பிள்ளை பக்கத்திலேயே இருப்பான் என்று மனசின் ஒரு மூலையில் நிம்மதிப்பட்டேன். இதைவிடக் கேவலமாக ஒன்றைச் சொல்லிக்கொள்ள என்னிடம் இல்லை.

நேற்று நீ உன் மிஷினில் போடும் மெமரி கார்டுப் பையை என்னிடம் கொடுத்து, "கடைக்கு வெச்சிக்கோம்மா, எனக்கு இன்மே எதுக்கு" என்றாய். நீ வெளியே போனதும் அதை வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. கல்யாண போட்டோவைத் தெரியாமல் அழித்துவிட்டு வருகிறவர்களுக்கு மீட்டுக் கொடுக்கிறோமே, கார்டில் அழித்தது அதன்மேல் வேறு ஒன்றை எழுதுகிறவரைக்கும் அங்கேதானே கிடக்கும். டிஸ்க்கில் நான் கல்யாணத்தை எழுதித் தொலைத்தேன், அங்கே வழியில்லை. கார்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். நீ திரும்பத் திரும்ப எடுத்ததில் பழையது எல்லாம் போயிருந்தது. ஒன்று மட்டும், உன் கையெழுத்தில் முக்கூடல் என்று எழுதியது, நீ டிஸ்க்கில் ஏற்றிவிட்டு அழித்த பிறகு எதுவும் எழுதாமல் இருந்தது. அதிலிருந்து ஃபைல்கள் வந்தன. கார்டில் ஒன்றும் எழுதாமல் வேறொரு புது டிஸ்க்கில் இறக்கினேன். ஹெட்போனில் கேட்டேன். ஸ்ஸ் என்றுதான் இருந்தது. இந்தத் தடவை காதை நம்பாமல், நீ கடைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த சாஃப்ட்வேரில் திறந்தேன்.

கோடு இல்லை, நைனா. புகைக்கு மேலே, நான் வெட்டிய இடத்துக்கு எவ்வளவோ மேலே, கொக்கி கொக்கியாக வரிசையாக நிற்கிறது. ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று. எத்தனை வௌவாலோ, என்ன பேசிக்கொண்டு போனதோ, எனக்குப் படிக்கத் தெரியாது. திருமுக்கூடல் ஆற்றுப் பக்கம் நீ தனியாக நின்றுகொண்டிருந்தபோது உன்னைச் சுற்றி அவ்வளவு கூச்சல் இருந்திருக்கிறது. நான் இரைச்சல் என்று சிரித்தது இதைத்தான். திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

காலையில் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "அவன அந்தப் பேச்சு பேசிட்டனேமே. இப்ப இன்னா மூஞ்ச வெச்சிக்கினு அவன் எதிர்ல போயி நிக்கறது?" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். போன இரண்டு வருஷத்தை என்னால் திருப்பித் தர முடியாது, ஒரு கார்டில் இருப்பது எதற்குப் போதும் என்றும் எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் கூசுகிறது, கேட்டால் உடனே சரி என்பாய். ஆனால் உனக்குத் துப்பில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டாதே. இதை அச்செடுத்து, கார்டில் இனி எதுவும் எழுத முடியாதபடி லாக் தள்ளி ஒரு கவரில் போட்டு, இரண்டையும் முதல் படியில் வைக்கிறேன். உன் மேடம் எதிரிலேயே கார்டிலிருந்து மீட்டுத் திறந்து காட்டு. ஃபைலின் தேதியைப் பார்க்கச் சொல். அது நீ பதிவு செய்த கடைசி மாதம். அதுவரைக்கும், அன்றைக்கும், உன் செட்டிங் சரியாகத்தான் இருந்தது.

அம்மா